பிஜிஎம்பி தேர்வு: படிக்க உட்காருவதற்கு முன்னால் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது

ஐயா, வணக்கம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று சென்னையில் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். 38 வயது மகள் ராத்திரி ஒரு மணி வரை எதையோ படிக்கிறார், கேட்டால் "புரோகிராம் மேனேஜ்மென்ட் எக்ஸாம்ப்பா" என்கிறார். இத்தனை வருடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த பெண்ணுக்கு இன்னும் என்ன புரோகிராம் பாக்கி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. இதே சந்தேகத்தோடு பி.இ. முடித்த பிள்ளைகளே என்னிடம் வருகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் பாதி நம் மொழிதான். பிளான், பிராஜெக்ட், ஸ்கீம், புரோகிராம் நாலையும் நாம் திட்டம் என்றே சொல்லிவிடுகிறோம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்கூடத்தைத் தயார் செய்வது, பாத்திரம் வாங்குவது, சமைப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஒவ்வொன்றும் ஒரு பிராஜெக்ட். தொடங்கும், முடியும், கணக்கை மூடிவிடலாம். இதெல்லாம் ஒன்றோடொன்று இசைந்து நடந்து, பிள்ளை பசியில்லாமல் வகுப்பில் உட்காருகிறதா என்று பார்க்கிற வேலை புரோகிராம். உங்கள் துறையிலேயே சொல்வதானால், துணைமின் நிலையத்தை சார்ஜ் பண்ணி ஒப்படைத்ததும் பிராஜெக்ட் ஆள் வீட்டுக்குப் போய்விடலாம், கடைக்கோடி ஊரில் சாயங்காலம் மோட்டார் ஓடுகிற அளவுக்கு வோல்டேஜ் வருகிறதா என்பதற்கு பதில் சொல்ல வேண்டியவர் புரோகிராம் மேனேஜர்.

உங்கள் மகள் எழுதப்போவது அமெரிக்காவின் பிஎம்ஐ என்ற அமைப்பு புரோகிராம் மேனேஜர்களுக்கு நடத்தும் பிஜிஎம்பி தேர்வு. அவர் ஏற்கெனவே வைத்திருக்கும், பிராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழும் அவர்களுடையதுதான், இது அதற்கு மேல்படி. இதற்குப் பணமும் படிப்பும் மட்டும் போதாது. பட்டதாரி என்றால் பிஎம்பி சான்றிதழ் அல்லது 48 மாத பிராஜெக்ட் அனுபவம், அதோடு 48 மாதம் புரோகிராம் நடத்திய அனுபவம் தனியாக வேண்டும், எல்லாம் கடைசி 15 வருடத்துக்குள். குழந்தை பிறந்தபோது இரண்டு வருடம் வீட்டில் இருந்ததால் தகுதி போய்விடுமோ என்று அவர் பயந்ததாக எழுதியிருந்தீர்கள். 15 வருடக் கணக்கு என்பதால் அந்த இடைவெளி ஒன்றும் செய்யாது, நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

சென்ற வருடம் மூன்றே வருட அனுபவம் உள்ள ஒரு தம்பி, ஒரு பயிற்சி நிலையத்தில் முழுப் பணமும் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். விண்ணப்பத்தைத் தாண்டவே முடியாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை, பணம் கட்டும்வரை சொல்ல மாட்டார்கள்தானே. அவரைப் போன்றவர்களுக்கு அதே அமைப்பின் தொடக்கநிலைத் தேர்வான கேப்ம் (CAPM) இருக்கிறது, அனுபவமே தேவையில்லை.

இனி வருவதை மகளிடம் காட்டுங்கள்.

அம்மா, இந்தத் தேர்வில் முதல் கண்டம் தேர்வு அறையில் இல்லை, விண்ணப்பத்தில் இருக்கிறது. நீங்கள் நடத்திய புரோகிராம்களைப் பற்றி எழுதிக்கொடுப்பதை, இதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஒரு குழுவாகப் படித்துப் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் பரீட்சை. அதனால் மாதிரிக் கேள்விகளை இப்போதைக்கு மூடி வையுங்கள். நம் ஐடி ஆட்கள் எழுதுவதை நிறைய பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே மாதிரி: "120 பேர் கொண்ட குழு, ஆறு மாட்யூல், குறித்த நேரத்தில் டெலிவரி." இதைப் படிக்கிறவர் பெரிய பிராஜெக்ட் என்றுதான் நினைப்பார். ஆள் கணக்கும் பட்ஜெட்டும் பெரிதானால் பிராஜெக்ட் புரோகிராம் ஆகிவிடாது. அதற்குள் என்னென்ன பிராஜெக்ட்கள் இருந்தன, அவற்றைத் தனித்தனியாக நடத்தியிருந்தால் எது கிடைக்காமல் போயிருக்கும், நிறுவனத்தின் எந்தக் குறிக்கோளுக்காக அது தொடங்கியது, கிடைத்த பலனை எப்படி அளந்தீர்கள், நீங்கள் விலகிய பிறகு அதை யார் கையில் கொடுத்தீர்கள், இவ்வளவும் வர வேண்டும். "எங்கள் குழு செய்தது" என்று எழுதாதீர்கள், "நான் முடிவெடுத்தேன்" என்று எழுதுங்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. எழுதித் தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள், விண்ணப்பம் தணிக்கைக்குப் போனால், எழுதியது உண்மை என்று பழைய மேலதிகாரிகளிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டியது நீங்கள்தான்.

தேர்வு 4 மணி நேரம், 170 கேள்வி. அதில் 20 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எந்த இருபது என்று தெரியாது. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. பாடப்பிரிவுகளில் புரோகிராமின் வாழ்க்கைச் சுழற்சிக்கு, அதாவது தொடக்கம் முதல் முடிவு வரைக்கும், மட்டும் 44 சதவீதம், ஸ்டேக்ஹோல்டர் (அதில் சம்பந்தப்பட்டவர்கள்) 16, உத்தி 15, கவர்னன்ஸ் (மேலிருந்து கண்காணித்து முடிவெடுப்பது) 14, பலன் மேலாண்மை 11. பதினொன்றுதானே என்று பலன் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள், மற்ற பகுதிக் கேள்விகளுக்கும் அடியில் ஓடுவது அதுதான்.

பிஎம்பி எழுதியவர்களுக்கு இங்கே பெரிய எதிரி பிஎம்பியில் படித்ததேதான். இப்படி ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்: புரோகிராமில் ஐந்து பிராஜெக்ட், அதில் ஒன்று நேரம், செலவு இரண்டிலும் அற்புதமாகப் போகிறது. இந்த நேரத்தில் நிறுவனம் அந்தச் சந்தையை விட்டே வெளியேற முடிவு செய்கிறது. என்ன செய்வீர்கள்? நன்றாக ஓடுகிற வேலையை நிறுத்த நமக்கு மனசே வராது, "முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்கிற விடைக்குக் கை போகும். அந்த பிராஜெக்ட்டால் இனி யாருக்குப் பலன் என்று பார்த்து, நிறுத்தும் பரிந்துரையை கவர்னன்ஸ் குழுவிடம் கொண்டுபோவதுதான் சரியான விடை. அதேபோல் ஒரு பிராஜெக்ட் பின்தங்கினால் பிராஜெக்ட் மேனேஜரை ஓரம் தள்ளிவிட்டு நீங்களே ஷெட்யூலைத் திறந்து உட்காருகிற விடை பெரும்பாலும் தப்பு. மற்ற பிராஜெக்ட்களையும் ரோட்மேப்பையும் அது எப்படி இடிக்கிறது என்று பார்ப்பதே உங்கள் வேலை.

புத்தகம் நிறைய வேண்டாம். பிஎம்ஐ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தேர்வு உள்ளடக்கக் குறிப்பு, அப்புறம் அவர்களுடைய புரோகிராம் மேலாண்மைத் தரநிலை நூல், 2024-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. உறுப்பினருக்கு 800 டாலர், மற்றவருக்கு 1000 என்பது நான் பார்த்த கட்டணம், கட்டுவதற்கு முன் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஜெயித்த பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 பிடியூ (தொடர்ந்து கற்றதற்கான புள்ளிகள்) காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஐயா, மறுபடி உங்களிடம். இது அவசியமா என்று கேட்டீர்கள். வேலை தேடுகிறவருக்கு என்றால் பிஎம்பியே போதும் என்பேன், விளம்பரங்களில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். உங்கள் மகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குப் பெயர் கேட்கிறார், அது நியாயம்தான். ஆனால் ராத்திரி ஒரு மணி வரை வேண்டாம், விடிகாலையில் ஒரு மணி நேரம், நாலு மாதம் போதும்.

நீங்கள் இரண்டு உதவி செய்யலாம். அவர் விண்ணப்பத்தில் எழுதியதை வாங்கிப் படியுங்கள். இத்தனை பேர், இத்தனை கோடி செலவழித்து யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று உங்களுக்கே புரியவில்லை என்றால் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கடைசி மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்கோ பார்க்குக்கோ நாலு மணி நேரம் போய்விடுங்கள். முழு மாதிரித் தேர்வை ஒரே உட்காரலில் எழுத வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது. போகும்போது அவருடைய போனையும் கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.