நீங்கள் எழுதி அடித்துவிட்ட வரி

"நான் இல்லாவிட்டால் பிள்ளைகளாவது நிம்மதியாக இருப்பார்கள்" என்று உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் எழுதி, பிறகு பேனாவால் அடித்திருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசுவோம். முடி கொட்டுவது, வாய் உலர்வது, மறதி எல்லாம் அப்புறம்.

அந்த எண்ணத்தை இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் இருப்பதாக எழுதியிருக்கும் உங்கள் அக்காவிடமே சொல்லலாம். தயக்கமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 'எப்படி' என்று யோசிக்கும் அளவுக்கு மனம் போயிருந்தால் போனோடு நிற்காதீர்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாம் அக்காவிடமே இருக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலில் உடம்பு சுடுவதுபோல, மனச்சோர்வு நோயில் இந்த எண்ணம் வரும். நோய் தணியும்போது இதுவும் தணியும்.

பெரியம்மாவைப் போல நமக்கும் 'பைத்தியம் பிடித்துவிடுமோ' என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. யாரும் பேசாதபோதே அவருக்குக் குரல்கள் கேட்டன. அது வேறு நோய், அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. உங்களுக்கு ஆறு வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது. காலையில் மனம் கனத்துக் கிடக்கிறது, சாயங்காலம் கொஞ்சம் தேவலை. பிள்ளைக்குத் தலை வாரிவிடக்கூடப் பிடிக்கவில்லை. இது மனச்சோர்வு. இப்படி இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்தீர்கள். அதுவரை சரி.

அதன் பிறகு செய்ததுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை, குமட்டுகிறது என்றும், 'ஆயுசுக்கும் அடிமையாக்கிவிடும்' என்று யாரோ வீடியோவில் சொன்னார் என்றும் ஒன்பதாம் நாளே நிறுத்திவிட்டீர்கள். பிறகு பக்கத்து வீட்டு மாத்திரை அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கி, அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்து, மூன்று வாரமாகத் தினமும் போடுகிறீர்கள். பழக்கமாக்கும் மாத்திரை அந்த அரிசி டப்பாவில் இருப்பதுதான் அம்மா! நாளாக ஆக ஒன்று போதாமல் இரண்டு கேட்கும். அதற்காக அதையும் நாளைக்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு வலிப்பு வந்துவிடும். மருத்துவரிடம் சொன்னால் படிப்படியாகக் குறைப்பார்.

நீங்கள் நிறுத்திய மாத்திரை அப்படிப் போதைப் பழக்கம் ஆகாது. குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும், சாப்பிட்ட பிறகு போட்டால் இன்னும் குறையும். மனம் லேசாவது தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். ஒன்பதே நாளில் என்ன தெரியும்? முதல் முறை வந்த நோய் என்றால், குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்கிறபடி மெல்லக் குறைத்து நிறுத்தலாம். மாத்திரையோடு மன ஆலோசனையும் கேளுங்கள். 'என்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை' என்பதுபோல ஓடும் நினைப்புகளைப் பிடித்து நிறுத்திச் சரிபார்க்க அங்கே பழக்குவார்கள். லேசான மனச்சோர்வுக்கு அதுவே போதுமாக இருக்கும். உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் சோர்வும் முடி கொட்டுவதும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மனம் தேறினால் மறதியும் பெரும்பாலும் சரியாகும்.

பனியன் கம்பெனியில் தெரிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

அதே மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். மாத்திரையை நிறுத்தியதற்குத் திட்டுவாரோ என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு அட்டைகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். நீங்கள் அடித்த அந்த வரியை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.