விடுதலை ரயிலுக்கு இரண்டு வரிசை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு கண்காட்சி. அமெரிக்க வரலாற்றில் சுதந்திரம் என்பதற்கு எப்படியெல்லாம் பொருள் மாறிவந்தது என்று காட்டுகிறார்கள். அடிமைகளை வைத்திருந்தவர்களும் சுதந்திரம் என்கிறார்கள், அவர்களை எதிர்த்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பார்த்து முடித்ததும் சலிப்பாகிவிட்டது. ஆளாளுக்குத் தோதாகச் சொல்லிக்கொள்வதுதானா இதெல்லாம்?

ர., நியூ ஜெர்சி

அன்புள்ள ர.,

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள் என்பது சரிதான். 1864இல் பால்டிமோரில் பேசும்போது லிங்கனே இதைத்தான் சொன்னார். தன் உழைப்பின் பலன் தனக்கு என்பது ஒருவனுக்குச் சுதந்திரம். அடுத்தவன் உழைப்பை இஷ்டம்போல் எடுத்துக்கொள்வது இன்னொருவனுக்குச் சுதந்திரம். அதற்காக இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள். யார், யாரிடம், என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்.

1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் உள்நாட்டுப் போரில் வென்ற அமெரிக்க அரசின் ராணுவம் வெளியிட்ட ஆணையைத்தான் இன்று ஜூன்டீன்த் என்ற அடிமை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடிமைகள் அனைவரும் விடுதலை என்று தொடங்கும் அந்த ஆணையின் கடைசி வரிகளையும் படிக்க வேண்டும். இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை பாருங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடக் கூடாது, சும்மா இருப்பவர்களுக்குச் சோறு போட மாட்டோம் என்கிறது. நேற்றுவரை கூலியே இல்லாமல் உழைத்தவர்களிடம் சொல்கிற பேச்சா இது!

நீங்கள் பார்த்ததைப் போன்ற கண்காட்சி ஒன்று 1947இல் ரயிலேறி ஊர் ஊராகப் போனது. பெயரே விடுதலை ரயில். லிங்கனின் விடுதலைப் பிரகடனமும் அதில் இருந்தது. வெள்ளையர் பார்க்க ஒரு நேரம், கறுப்பர் பார்க்க ஒரு நேரம் என்றது மெம்ஃபிஸ் நகர நிர்வாகம். அலபாமாவின் பர்மிங்ஹாமில் தனித்தனி வரிசை வைப்போம் என்றார்கள். அடிமை ஒழிப்பு ஆவணத்தைப் பார்ப்பதற்கு! ரயிலை நடத்தியவர்கள் இரண்டு ஊர்களுக்கும் போவதையே ரத்து செய்தார்கள். ரயிலுக்குள் இருந்த காகிதங்களைவிட அந்த இரண்டு ரத்துகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

அப்புறம், நூலகம் என்றதும் நினைவுக்கு வருவது மிசிசிப்பியின் ஜாக்சன். 1961 மார்ச்சில் டூகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையருக்கு மட்டுமான பொது நூலகத்துக்குள் போனார்கள். உட்கார்ந்து படித்தார்கள். அவ்வளவுதான் செய்தது. போலீஸ் வெளியே போகச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை, கைதானார்கள்.

இந்த ஒன்பது பேர் உங்கள் ஊர்க் கண்காட்சியில் இருக்கிறார்களா? இல்லையென்றால் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.