சாயங்காலமானால் வீங்கும் கால்

கேள்வி: வயது 58. நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காருகிறேன். சாயங்காலம் இரண்டு கணுக்காலும் வீங்கிக் கொலுசு பதிந்துவிடுகிறது. கிட்னி கோளாறா? – ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: உடனே கிட்னியா? முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்துங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்தால் இது சகஜம்தான். சரி, பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அந்த மாத்திரைதான் வில்லன். நீர் மாத்திரைக்கும் அந்த வீக்கம் பெரிதாக வடியாது. நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். காலையில் கண் இமை உப்பினால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கலாம். படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். ஒரே கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.