பொயலய விட்டாச்சு, சீவல் மட்டும்தான் போடுறாங்க, பரவால்லதானே டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு, குடவாசல் பக்கம் கிராமம். நடவு, களையெடுப்புன்னு போன காலத்துலேர்ந்து வெத்தல பாக்கு பொயல பழக்கம். 2 வருஷமா பொயல இல்ல, வெத்தல சீவல் சுண்ணாம்பு மட்டும்தான். இப்ப இடது கன்னத்து உள்பக்கம் வெள்ளையா படை மாதிரி இருக்கு, வலி இல்ல. ரசம் பட்டாகூட எரியுதாம், இட்லியையே பிச்சுப் பிச்சுதான் வாய்க்குள்ள தள்றாங்க. பல் டாக்டர் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னாரு, "கத்தி பட்டா பரவிடும்"னு சொல்லி அம்மா போக மாட்டேங்கிறாங்க. நான் திருப்பூர்ல இருக்கேன், என்ன பண்றது?

பதில்: பொயலய விட்டது பெரிய விஷயம்மா, இத்தன வருஷ பழக்கத்த விடுறது லேசுல்ல, அதுக்கு முதல்ல அம்மாவ பாராட்டிடுங்க. ஆனா "சீவல் மட்டும்தானே"ங்கிறீங்க பாருங்க, அங்கதான் நம்ம பக்கத்துல நெறைய பேரு ஏமாந்து போறாங்க. பொயல சேத்த வெத்தல புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985லயே சொல்லிடுச்சு, 2004ல வந்த அறிக்கையில பொயலயே இல்லாத வெத்தல பாக்கும், ஏன் வெறும் பாக்குமே அப்படித்தான்னு சொல்லிட்டாங்க. வெத்தல மேல பழி இல்ல, கும்பகோணம் கொழுந்து வெத்தல பாட்டுக்கு பந்தியில இருக்கட்டும், குத்தவாளி பாக்குதான்.

பாக்குல அரிகோலின்னு ஒரு ரசாயனம் இருக்கு, அது கன்னத்து உள்சதையில நார் நாரா சேர வச்சுடும், சுண்ணாம்பு மேல்தோல அரிச்சு அது உள்ள போக வழி பண்ணிக் குடுக்கும், அதுவும் கடவாய்ல ஒதுக்கி வச்சுக்கிட்டே தூங்குற ஆளுன்னா கேக்கவே வேணாம். மொதல்ல எரிச்சல், அப்புறம் கன்னம் தோல்வாரு மாதிரி விறைச்சு வாய் திறக்காது. அவங்க விரல் மூணையும் நேரா அடுக்கி பல்லுக்கு நடுவுல விட்டுப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டுதான் போகுதுன்னா நார் கட்ட ஆரம்பிச்சாச்சுன்னு வச்சுக்கங்க. கட்டினது முழுசா பழையபடி ஆகாது, ஆனா பாக்க இன்னிக்கே விட்டா மேல மேல இறுகுறது கொறையும்.

அடுத்தது அந்த வெள்ளப் படை. ஊருக்குப் போறப்ப பகல்ல திண்ணையில உக்கார வச்சு, பல்செட் இருந்தா கழட்டிட்டு, ஸ்பூன் பின்பக்கத்தால கன்னத்த விலக்கி செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. சுத்தமான துணியால லேசா தொடைச்சா வந்துடுச்சுன்னா அது பூஞ்சையா இருக்கலாம், சுகர் இருக்கவங்களுக்கு சகஜம். வரலன்னா கட்டாயம் டெஸ்ட் வேணும். நடுவுல செவப்பா வெல்வெட் துணி மாதிரி தெரிஞ்சாலோ, விரல் வச்சா ஓரம் கெட்டியா பட்டாலோ, புண்ணு ரெண்டு வாரம் தாண்டியும் ஆறலன்னாலோ லீவு கெடைக்கட்டும்னு காத்திருக்காதீங்க. வலி இல்லங்கிறது ஆறுதலே இல்ல, ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது, அதனாலதான் எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு கழுத்துல கட்டி வந்தப்புறம் வர்றாங்க.

கத்தி பட்டா பரவும்ங்கிற பேச்சு எப்படி வந்துச்சுன்னா, ஏற்கனவே முத்திப்போயி வந்தவங்களுக்கு கத்தி வைப்பாங்க, அப்புறம் அவங்க தவறிட்டா பழி கத்தி மேல. டெஸ்ட்ல நடக்குறது இவ்வளவுதான்: பல்லு புடுங்குறப்ப போடுற அதே மரத்துப்போற ஊசி, பருப்பு அளவுக்கு ஒரு துண்டு, ஒண்ணு ரெண்டு தையல், அன்னிக்கே வீட்டுக்கு வந்து ஆறின கஞ்சி குடிக்கலாம். ரிசல்ட் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள வந்துடும். புற்றுநோய் இல்லன்னு வந்தாலும் டாக்டர் சொல்ற கணக்குல திரும்பத் திரும்ப காட்டணும், அத விட்டுடாதீங்க. புற்றுநோயே ஆனாலும் சின்னதா இருக்கப்பவே புடிச்சா பெரும்பாலும் ஆபரேஷனோட முடிஞ்சுடும்.

வாய தொறந்து வெறும் கண்ணால பாக்குறதுக்கே எவ்வளவு பலன் தெரியுமா, திருவனந்தபுரம் பக்கம் 13 பஞ்சாயத்துல 1996லேர்ந்து செஞ்ச ஆய்வுல, பொயலயோ சாராயமோ பழகினவங்கள்ல வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூணுல ஒரு பங்கு கொறைஞ்சுது, 2005ல வெளியாச்சு. ஸ்கேன் மெஷின் எதுவும் இல்ல, டிரெய்னிங் எடுத்த சுகாதாரப் பணியாளர்கள் டார்ச் அடிச்சுப் பாத்ததுதான். பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் தினம்னா ரிப்பன் குத்தி ஊர்வலம் போறோம், அன்னிக்கு வர்ற ஒவ்வொருத்தர் வாயையும் ஒரு தடவ பாத்து அனுப்பினா எவ்வளவு நல்லாருக்கும்னு எனக்கு வருஷா வருஷம் தோணும்.

செலவ நெனைச்சு தள்ளிப் போடாதீங்க, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போலாம், பெரிய சிகிச்சைன்னா முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கார்டு இருக்கான்னு இப்பவே பாத்து வச்சுக்கங்க. பொயல மறுபடி தொத்திக்கிற மாதிரி இருந்தா 1800-11-2356க்கு போன் பண்ணுங்க, காசு கெடையாது. பாக்குக்கு பதிலா ஏலக்காய், சோம்புன்னு வாய்க்கு ஏதாவது வேல குடுங்க, கை சும்மா இருந்தா சுருக்குப்பையத் தேடும்.

டெஸ்டுக்குப் போறன்னிக்கு சாப்புட்டுட்டே போகச் சொல்லுங்க. சுகர் மாத்திர, ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்புட்டா அந்தச் சீட்டையும் எடுத்துக்கங்க. அந்த சுருக்குப்பையும் கூட வரட்டும், திட்டுவாங்கன்னு அம்மா ஒளிச்சு வைப்பாங்க, வேணாம், உள்ள என்னென்ன இருக்குன்னு டாக்டர் பாக்கணும்.