எல்லை தாண்டி ரீலோடிங் சாமான் வாங்குவது: கேள்வி பதில்

தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சுடும் போட்டியாளர்களும் வேட்டைக்காரர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் அமெரிக்க–கனடா எல்லையைப் பற்றியவை. பதில்களும் அங்கேதான் அதிகம் சுற்றும்.

நான் கனடாவில் இருக்கிறேன். அமெரிக்கக் கடை ஒன்றில் வெறும் குண்டுகள் ஒரு பெட்டி ஆர்டர் செய்தேன். வெடிமருந்தும் இல்லை, அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லை, ஈயமும் செம்பும்தான். "அனுப்ப முடியாது" என்று பணத்தைத் திருப்பிவிட்டார்கள். ஏன்?

வெடிக்குமா வெடிக்காதா என்பது இங்கே கணக்கில்லை. அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் குண்டு, பித்தளைக் கூடு, ப்ரைமர் எல்லாவற்றையும் தோட்டாவின் பாகங்கள் என்றே பார்க்கிறது. 2020 மார்ச் 9 வரை இவை ராணுவத் தளவாடப் பட்டியலில், வெளியுறவுத் துறையின் கையில் இருந்தன. ஏற்றுமதி செய்ய நினைக்கும் கடை முதலில் அங்கே பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கே ஆண்டுக்கு 2,250 டாலர். உரிமம் அப்புறம்தான். அந்தத் தேதிக்குப் பிறகு விளையாட்டுக்கும் வேட்டைக்குமான தோட்டாக்களும் பாகங்களும் வணிகத் துறைக்கு மாறின. இப்போது 0ஏ505 என்ற ஏற்றுமதி வகைப்பாட்டு எண்ணில் வருகின்றன. அந்தப் பதிவுக் கட்டணம் போய்விட்டது, வணிகத் துறை உரிமத்துக்கும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் உரிமம் என்ற தேவை போகவில்லை. குறைந்த மதிப்புள்ள சரக்குக்கு உரிமம் வேண்டாம் என்ற சிறு மதிப்பு விலக்கு சில பாகங்களுக்கு உண்டு. அது பொருந்துமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் விற்பவர். ஒரு பெட்டி குண்டு விற்றுக் கிடைக்கும் லாபத்துக்காக அந்தப் பொறுப்பை ஏற்கக் கடைக்காரர் தயங்குகிறார். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. தவறினால் அபராதம், சிறை எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

கனடாவுக்குள் சொந்த உபயோகத்துக்கு 5,000 ப்ரைமர், 8 கிலோ வெடிமருந்துப் பொடி வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுவரலாம் என்கிறார்களே?

அது கனடாவின் வெடிபொருள் விதி, உள்ளே வரும் வாசலுக்கு மட்டும். வெளியே விடும் வாசல் அமெரிக்காவுடையது. உள்வாசல் திறந்திருப்பதால் வெளிவாசலும் திறந்திருக்கிறது என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கனடிய அதிகாரி "சரி, போங்கள்" என்று விட்டுவிட்டாலும், உரிமம் இல்லாமல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய சரக்கு அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகவே நிற்கும்.

அப்படியானால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, நானே காரில் எடுத்து வந்தால்?

வேண்டாம். அப்போது ஏற்றுமதியாளர் நீங்களே. வெளிநாட்டவராக அமெரிக்காவுக்குப் போனவர், தான் முறைப்படி கொண்டுபோன துப்பாக்கியையும் தோட்டாவையும் திருப்பி எடுத்துவர விலக்கு இருக்கிறது. அங்கே வாங்கியதற்கு அது பொருந்தாது. வெளிநாட்டுக்குப் போகும் என்று தெரிந்தே வாங்கிக்கொடுத்தால் நண்பரும் உங்களோடு சேர்ந்து மாட்டுவார். பெரிய ஆர்டரைச் சின்னச் சின்னதாக உடைத்துச் சிறு மதிப்பு விலக்கில் நுழைப்பதும் இதே ரகம். உடைக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

விமானத்தில்?

முழுத் தோட்டா என்றால், விமான நிறுவனம் ஒப்புக்கொண்டால், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் ஆளுக்கு 5 கிலோ வரை. பொடியும் ப்ரைமரும் எந்தப் பெட்டியிலும் கூடாது. தபாலிலும் அப்படித்தான்.

உரிமம் எடுத்தாலும் அனுப்பும் கூலி பயமுறுத்துகிறது. ஒரு டப்பா பொடிக்கு ஏன் இவ்வளவு?

பொடி டப்பாவின் அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறச் சாய்சதுரத்தைப் பாருங்கள். ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் புகையில்லாப் பொடி பெரும்பாலும் யுஎன் 0161, பிரிவு 1.3சி: நெருப்புப் பிடித்தால் பெருந்தீயாகும் வெடிபொருள். ப்ரைமர் யுஎன் 0044, பிரிவு 1.4எஸ்: கோளாறானாலும் பாதிப்பு பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே அடங்கும் வகை. அமெரிக்காவுக்குள் சிறு அளவுப் பொடியை, வண்டிக்கு 100 பவுண்டு என்ற வரம்போடு, தீப்பற்றும் திடப்பொருளாக இறக்கி வகைப்படுத்த ஒரு சலுகை இருக்கிறது. அது உள்நாட்டுச் சலுகை. எல்லையைத் தாண்டும்போது சரக்கு மறுபடி முழு வெடிபொருளாகிவிடுகிறது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள், சான்று பெற்ற பெட்டி, அதை ஏற்கும் லாரி எல்லாம் வேண்டும். அரைக் கிலோவுக்கும் ஐம்பது கிலோவுக்கும் இந்தச் செலவில் அதிக வித்தியாசம் வராது.

அதனால் நான் எப்போதும் சொல்வது: கிளப்பாகச் சேர்ந்து, இறக்குமதி உரிமம் உள்ள உள்ளூர் வியாபாரி மூலம் மொத்தமாக வரவழையுங்கள். காகித வேலை அவருக்குப் பழக்கம், கூலியும் பங்கு பிரியும். மாதக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். சீசன் தொடங்கும்போது கேட்டால் சீசன் முடியும்போது வரும். முந்தைய குளிர்காலத்திலேயே பட்டியல் போட்டுவிடுங்கள்.

வார்கெட் பொடி எங்கும் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் எல்லை தாண்டப் பார்க்கிறேன்.

இது எனக்குப் பிடித்த கேள்வி. பொடிகளுக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறும். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் பெயரில் அமெரிக்காவில் விற்கும் வார்கெட் ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் பிறப்பது. அங்கே அதன் பெயர் ஏஆர்2208. ஹாட்ஜ்டனின் எச்4350 பொடி அங்கே ஏஆர்2209. ஐஎம்ஆர் வரிசைப் பொடிகள் நெடுங்காலம் கியூபெக்கின் வேலிஃபீல்டில் தயாராகி, அமெரிக்காவில் டப்பாவில் அடைபட்டு, மறுபடி கனடாவுக்கே இறக்குமதியாக வந்தன. ஆகவே எல்லை தாண்டும் முன் உங்கள் நாட்டில் அதே பொடி வேறு டப்பாவில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பெயர் மாறினாலும் ஒரே பொடி என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருந்தால்தான் நம்ப வேண்டும். அப்போதும் கையில் இருக்கும் டப்பாவுக்குரிய நிரப்பும் அளவு அட்டவணையில், குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். "கிட்டத்தட்ட அதே எரியும் வேகம்" என்று யாரோ சொன்னதை நம்பி நிரப்பினால் துப்பாக்கியும் போகும், கண்ணும் போகும்.

ஐரோப்பாவில் சில அமெரிக்கப் பொடிகளே வருவதில்லையாமே?

அங்கே தடை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சில பொடிகளில் எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சேர்க்கும் டைபியூட்டைல் தாலேட், ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டத்தில் 2015 பிப்ரவரியிலிருந்து தனி அங்கீகாரம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாத பட்டியலில் இருக்கிறது. ஃபின்லாந்தின் விஹ்டவூரி போன்ற ஐரோப்பியப் பொடிகளுக்கு மாறிக்கொள்வது நல்லது.

சுட்டு முடித்த பழைய பித்தளைக் கூடுகளுக்குமா இந்தப் பாடு?

மறுபடி நிரப்பும் நிலையில் இருந்தால் அதுவும் பாகம்தான். நசுக்கி உருக்கத்தக்க பழைய உலோகமாக்கினால் கதை வேறு, ஆனால் உங்களுக்கு அது உதவாதே.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பொருளின் ஏற்றுமதி வகைப்பாட்டு எண் என்ன, உரிமம் யார் பெயரில், ஆபத்தான சரக்கை ஏற்கும் எந்த நிறுவனம் கொண்டுவருகிறது, உரிமம் மறுக்கப்பட்டால் பணம் முழுதும் திரும்புமா. நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் கேள்விக்கே "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.