குழுவில் இருந்தால் வாய் திறக்கக் கூடாதா?

வணக்கம். அமெரிக்காவில் எங்கள் நகரத்தின் பூங்கா ஆலோசனைக் குழுவில் சம்பளமில்லா உறுப்பினராக இருக்கிறேன். ஒரு பூங்காவின் பாதியை வாகன நிறுத்தமாக்கும் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தேன்; தோற்றுவிட்டேன். இப்போது நகர மன்றம் அதே திட்டத்துக்குப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறது. "குழு உறுப்பினர்கள் அங்கே பேசக் கூடாது" என்கிறார் எங்கள் தலைவர். எனக்குப் பேச்சுரிமை இல்லையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது. தலைவர்களுக்கு ஒருமித்த குரல் மேல் எப்போதும் ஒரு ஆசை உண்டு. ஆசை சட்டமாகிவிடாது.

விஸ்கான்சினின் மேடிசனில் ஒரு பள்ளி ஆசிரியர், பள்ளி வாரியத்தின் பொதுக் கூட்டத்தில் எழுந்து, ஆசிரியர் சங்கத்தோடு போடும் ஒப்பந்தம் பற்றிய முடிவைத் தள்ளிவையுங்கள் என்றார். அவர் சங்கத்தில் இல்லாதவர். அவரை எப்படிப் பேசவிடலாம் என்று சங்கம் புகார் செய்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூடிய கூட்டத்தில், வேலையைப் பார்த்து ஆளைப் பிரிக்கச் சொல்ல முடியாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் ஊழியர்கூட இல்லை.

ஆனால் பேச்சு வேறு, வாக்கு வேறு. நெவாடாவின் ஸ்பார்க்ஸ் நகர மன்ற உறுப்பினர் ஒருவர், தன் தேர்தல் பிரசார மேலாளர் ஆலோசகராக இருந்த சூதாட்ட விடுதித் திட்டத்துக்கு வாக்களித்து மாட்டிக்கொண்டார். வாக்கும் என் பேச்சுரிமைதான் என்று வாதாடிப் பார்த்தார். அந்த அதிகாரம் மக்களுடையது, உறுப்பினரின் சொந்தச் சொத்து அல்ல என்று 2011-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே, திட்டம் மறுபடி உங்கள் குழுவின் முடிவுக்குத் திரும்பி வருமா என்று முதலில் விசாரியுங்கள். மனைப் பிரிவு, உரிமம் போல ஒரு தனி விண்ணப்பத்தின் மேல் நீதிபதி போல உட்காரும் குழுவாக இருந்தால், முன்கூட்டியே கட்சி கட்டியவர் விலக வேண்டி வரலாம். உங்கள் விஷயம் அப்படித் தெரியவில்லை. ஆலோசனை சொல்லி முடித்துவிட்டீர்கள்.

அப்புறம், மைக் முன்னால் போனதும், "நான் குழு உறுப்பினர்தான், இது என் சொந்தக் கருத்து, குழுவின் முடிவு வேறு" என்று முதலில் சொல்லிவிடுங்கள். கடிதமும் கொடுப்பதாக இருந்தால் குழுவின் முகவரித் தாளில் அச்சடிக்க வேண்டாம்.

குழு உங்களைத் திருப்பித் திட்டலாம், அதற்கும் தயாராக இருங்கள். ஹூஸ்டன் சமுதாயக் கல்லூரி வாரியம் தன் உறுப்பினர் ஒருவர்மேல் கண்டனத் தீர்மானம் போட்டது. அவர் வழக்குப் போட்டார். வெறும் கண்டனம் பேச்சுரிமையைப் பறிப்பதாகாது என்று 2022-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.