திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. இந்த ஜூனில் புதுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். லீவு முழுக்கக் குடியாத்தத்தில் ஆயா வீட்டில் இருந்தான். பள்ளி திறந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. காலையில் ஏழு மணி ஆனால் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். சில நாள் குமட்டலும் உண்டு. லீவு என்று சொல்லிவிட்டால் ஒன்பது மணிக்கெல்லாம் எழுந்து விளையாடுகிறான். ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை, திங்கட்கிழமை ரொம்ப மோசம். பூச்சி மருந்து கொடுத்தேன். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். கேட்டில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான்; அவன் பராக்குப் பார்க்கும்போது நழுவி வந்துவிடுகிறேன். அவன் அப்பாவுக்குச் சென்னையில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். பிள்ளை நடிக்கிறானா? கொஞ்ச நாள் லீவு போட்டு அப்புறம் அனுப்பலாமா?
— ஒரு தாய், சத்துவாச்சாரி

பதில்: நடிப்பு இல்லை, அம்மா. அவனுக்கு நிஜமாகவே வலிக்கிறது. பயந்தால் 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று நாமே சொல்கிறோம் இல்லையா? குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. மனம் பதறினால் குடல் இறுகும், குமட்டும். 'எனக்குப் பயமா இருக்கு' என்று சொல்ல ஆறு வயதில் தெரியாது. தொப்புளைச் சுற்றிக் கையை வைத்து 'இங்க வலிக்குது' என்பான்.

ஆனால் லீவு வேண்டாம். வீட்டில் இருந்ததும் வலி போய்விடுகிறது. அதனால் பள்ளிதான் ஆபத்து, வீடுதான் மருந்து என்று அவன் உடம்பு கற்றுக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் இன்றைக்கு அழுவதைவிட அதிகமாக அழுவான். நிஜமாகவே காய்ச்சல் வந்து வீட்டில் இருக்க நேர்ந்தால், அந்த நாள் ஓய்வு நாளாக மட்டும் இருக்கட்டும். செல்போனும் கார்ட்டூனும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'நழுவி வந்துவிடுகிறேன்' என்ற வார்த்தைதான். எல்லா அம்மாக்களும் செய்வதுதான், என் வீட்டிலும் நடந்திருக்கிறது. ஆனால் அவன் பக்கம் இருந்து பாருங்கள். மீன் தொட்டியைப் பார்க்கத் திரும்பினான், திரும்பி வந்தால் அம்மா இல்லை. மறுநாள் அவன் மீன் தொட்டியைப் பார்ப்பானா? உங்கள் புடவையை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குனிந்து ஒரு முத்தம், 'சாயங்காலம் பெல் அடிச்சதும் இதே கேட்டுல நிப்பேன்' என்று ஒரே வரி, பிறகு நடையைக் கட்டுங்கள். அழுதாலும் திரும்பிப் போய்ச் சமாதானம் செய்யாதீர்கள். கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதும் வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் அழுகை அம்மா கண்ணிலிருந்து மறைந்த சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

கூட்டிப்போக வருகிறேன் என்ற நேரத்துக்குப் போய்விட வேண்டும். 'மூன்றரை மணி' என்பது அவனுக்குப் புரியாது. 'சாப்பாடு, அப்புறம் பாட்டு, அப்புறம் பெல், அப்புறம் அம்மா' என்றால் புரியும். டீச்சரிடமும் ஒன்று கேளுங்கள்: தினமும் ஒரே ஆள் அவனைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே போனதும் ஒரு சின்ன வேலை கொடுக்கட்டும், நோட்டுகளை அடுக்குவது மாதிரி.

அப்புறம் தூக்கம். கத்திரி வெயிலில் நம் வேலூரில் எந்தப் பிள்ளை பத்து மணிக்கு முன்னால் தூங்குகிறது? மொட்டை மாடியில் பாய் விரித்துக் கதை பேசி, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் நள்ளிரவு வரை சுற்றிவிட்டு வந்தவனை ஆறரைக்கு எழுப்பினால் குமட்டத்தான் செய்யும். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தினமும் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். காலையில் நாலு இட்லியைத் திணிக்க வேண்டாம். ஒன்று தின்றாலும் போதும்.

இன்னொன்று கேளுங்கள்: பள்ளியில் கக்கூஸ் போகிறானா? இதை யாரும் கேட்பதில்லை. புது இடம், நாற்றம், தாழ்ப்பாள் இல்லாத கதவு என்று பிள்ளைகள் நாள் முழுக்க அடக்கிவைத்துக்கொள்வார்கள். போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். மலச்சிக்கலே வயிற்றுவலியைக் கொடுக்கும். இந்த வெயிலில் தண்ணீர் குறைந்தால் நீர்க்கடுப்பும் வரும். வாட்டர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதா என்று சாயங்காலம் பாருங்கள்.

பூச்சி மருந்து கொடுத்ததில் தப்பில்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான். கயிறும் இருந்துவிட்டுப் போகட்டும். மெடிக்கல் ஷாப்பில் பசி டானிக் மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து உண்டு. வகுப்பில் சொக்கி விழுவான். 'அழுதா டாக்டர் ஊசி போட்டுடுவார்' என்பதையும் தயவுசெய்து விடுங்கள். அப்புறம் எங்களிடம் வந்து வாயைத் திறக்க மாட்டான்.

வலி தொப்புளை விட்டு வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, காய்ச்சல், எடை குறைவு, மலத்தில் இரத்தம், மூத்திர எரிச்சல் இருந்தாலோ, வாந்தி பச்சையாக வந்தாலோ இதெல்லாம் பள்ளிப் பயம் இல்லை, உடனே காட்டுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மறுத்தாலோ, மறுபடி படுக்கையில் நனைத்தாலோ, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்து ஒடுங்கினாலோ என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். யாராவது அடித்திருக்கலாம், தொட்டிருக்கலாம். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்துவிட்டது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

பெரும்பாலும் இன்னும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். பள்ளி திறந்து ஒரு மாதம் கடந்தும் இப்படியே இருந்தால், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ பாகாயம் சிஎம்சி மனநலப் பிரிவிலோ காட்டலாம். மனநலம் என்றதும் மிரள வேண்டாம், பேசியும் விளையாடியுமே பாதி சரி செய்வார்கள். அரசின் மனநல உதவி எண் 14416-இல் போனிலும் தமிழில் பேசலாம்.

அந்தத் திங்கட்கிழமை விஷயம். அவன் அப்பா விடிகாலையில் காட்பாடியில் ரயில் ஏறுகிறாரா? அவன் தூங்கும்போதே சத்தமில்லாமல் கிளம்பிவிடுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் இந்த வாரம் அவனை எழுப்பி, 'அப்பா போயிட்டு வரேன், சனிக்கிழமை சாயங்காலம் வருவேன்' என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அழுவான். பரவாயில்லை.